ஸ்பெல்ஃபயர் (சீட்டாட்டம்)

ஸ்பெல்ஃபயர் என்பது அமெரிக்காவின் டி.எஸ்.ஆர் நிறுவனம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட சேகரிப்புச் சீட்டாட்டம் ஆகும். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பாத்திரமேற்பு விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கற்பனை உலகங்கள், மாந்தர்கள், மந்திரங்கள், அரக்கர்கள் ஆகியவற்றைக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. 1997 வரை இதன் புதிய சீட்டுகள் வெளிவந்தன. மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் கனவுருப்புனைவு உலகம் ஒன்று மேசை விளையாட்டிலிருந்து சீட்டுக்கட்டுக்கு மாறும்போது எவை கிடைக்கின்றன, எவை இழக்கப்படுகின்றன என்பதற்கு இந்த ஆட்டம் நல்ல எடுத்துக்காட்டாகக் கருதத்தக்கது.

அடிப்படைச் சொற்கள்

இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இரண்டு விளையாட்டு வகைகளை அறிந்திருக்க வேண்டும்.

பாத்திரமேற்பு விளையாட்டு: இதில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து கதைக்களத்தை விவரிப்பார். "கதவைத் திறக்கிறேன்", "அரக்கனோடு பேசிப் பார்க்கிறேன்" என்று ஆட்டக்காரர்கள் தங்கள் மாந்தரின் செயலைச் சொல்வர். அச்செயல் வெற்றி பெறுமா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வர். ஒரே கதை பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள்கூடத் தொடரும். ஆட்டக்காரரின் மாந்தர் அனுபவம் பெற்றுப் படிப்படியாக உயர்நிலையை அடைவார்.

சேகரிப்புச் சீட்டாட்டம்: வழக்கமான சீட்டாட்டத்தில் எல்லாரிடமும் அதே 52 சீட்டுகள்தான் இருக்கும். சேகரிப்புச் சீட்டாட்டத்தில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு சீட்டுகள் அச்சிடப்படும். அவை மூடிய பொட்டலங்களில் விற்கப்படுவதால் உள்ளே எந்தச் சீட்டு இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. சில சீட்டுகள் ஏராளமாகவும் சில அரிதாகவும் அச்சிடப்படும். தன்னிடம் உள்ளவற்றிலிருந்து விரும்பியவற்றைத் தேர்ந்து ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொள்வர்.

பின்னணி

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. வணிக முறையில் வெளியான முதல் பாத்திரமேற்பு விளையாட்டு இதுவே. இதை வெளியிட்ட டி.எஸ்.ஆர், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

சீட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு தொடக்கத்திலேயே அமைந்தது. 1975இல் வெளிவந்த கிரேஹாக் என்ற துணைநூலில் "பல்பொருள் சீட்டுக்கட்டு" என்று பொருள்படும் ஒரு மந்திரப் பொருள் அறிமுகமானது. கதையில் வரும் மாந்தர் அதிலிருந்து ஒரு சீட்டை உருவினால் பெருஞ்செல்வம் கிடைக்கலாம், உயிரே போகலாம். ஆனால் அது கதைக்குள் இருந்த ஒரு பொருள்தான். கடையில் வாங்கும் விளையாட்டு அன்று. பின்னர் 1991 முதல் டி.எஸ்.ஆர் தன் கற்பனை மாந்தர்களின் படமும் விவரமும் கொண்ட சேகரிப்பு அட்டைகளை விற்றது. அவற்றைச் சேர்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவற்றை மட்டும் வைத்துத் தனியாக ஆட முடியாது.

1993 ஆகஸ்டில் நிலைமை மாறியது. கணிதவியலாளரான ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்த மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தலைவர் பீட்டர் அட்கிசன், விளையாட்டு மாநாடுகளில் நீண்ட பாத்திரமேற்பு அமர்வுகளுக்கு இடையே கிடைக்கும் சிறிது நேரத்தில் ஆடத்தக்க, எளிதாகக் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஓர் ஆட்டத்தை அவரிடம் கேட்டிருந்தார். அதாவது சேகரிப்புச் சீட்டாட்டம் என்ற வகையே பாத்திரமேற்பு விளையாட்டின் இடைவேளையை நிரப்பப் பிறந்தது. 295 சீட்டுகள் கொண்ட அதன் முதல் பதிப்பு மிக விரைவில் விற்றுத் தீர்ந்தது. இடைவேளைக்காகப் பிறந்த ஆட்டம் முதன்மை விளையாட்டின் வாடிக்கையாளரையே தன் பக்கம் இழுக்கத் தொடங்கியது.

தோற்றம்

மேஜிக்கின் வெற்றியைக் கண்ட டி.எஸ்.ஆர், ஓராண்டுக்குள் தன் சொந்தச் சீட்டாட்டத்தைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அதுவே ஸ்பெல்ஃபயர். எட் கிரீன்வுட் எழுதிய ஒரு புதினத்தின் பெயரும் இதுவே.

முதல் பதிப்பில் 400 சீட்டுகள் இருந்தன. தொடக்கப் பெட்டியில் தலா 55 சீட்டுகள் கொண்ட இரண்டு கட்டுகள் இருந்ததால், ஒரு பெட்டி வாங்கினால் இருவர் உடனே ஆடலாம். கூடுதல் சீட்டுகள் 15 கொண்ட பூஸ்டர் பொட்டலங்களாக விற்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் மறுபதிப்புகளும், ரேவன்லாஃப்ட், டிராகன்லான்ஸ், பர்த்ரைட் போன்ற பிற உலகங்களை மையமாகக் கொண்ட பூஸ்டர் வரிசைகளும் தொடர்ந்து வந்தன.

விளையாடும் முறை

ஆட்டத்தை இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஆடலாம். தன் முன்னால் ஆறு நாடுகளை அழிவின்றி முதலில் நிறுவுபவர் வெற்றி பெறுவார். நாடுகள் முக்கோண வடிவில் அடுக்கப்படும்: முன்வரிசையில் ஒன்று, நடுவரிசையில் இரண்டு, பின்வரிசையில் மூன்று. முன்னால் இருக்கும் நாடு பின்னால் இருப்பவற்றுக்கு அரணாக நிற்கும். பறக்கும் ஆற்றல் உள்ள வீரர்கள் அரணைத் தாண்டிப் பின்வரிசையைத் தாக்க முடியும்.

முக்கியச் சீட்டு வகைகள்:

- நாடு: வெற்றிக்குத் தேவையான அடிப்படைச் சீட்டு. நகரம், காடு, பாலைவனம், தீவு என எதுவாகவும் இருக்கலாம்.
- உடைமை: ஒரு நாட்டோடு இணைத்து வைக்கப்படும் கோட்டை போன்ற சீட்டு. அந்த நாட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பையோ ஆற்றலையோ தரும்.
- வீரர்: தாக்கவும் காக்கவும் பயன்படும் மாந்தர். மாவீரர், மந்திரவாதி, பூசகர், அரக்கர் எனப் பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் வலிமையைக் காட்டும் நிலை எண் ஒன்று இருக்கும்.
- துணைவர்: போரின்போது வீரருக்கு உதவியாக வந்து அவர் பக்கத்தின் எண்ணை உயர்த்துபவர்.
- மந்திரப் பொருளும் அரும்பொருளும்: வாள், கேடயம், மோதிரம் போன்றவை. வீரரோடு இணைக்கப்படும்.
- மந்திரம்: மந்திரவாதிகளுக்கு ஒரு வகை, பூசகர்களுக்கு வேறு வகை. மாவீரர்கள் பொதுவாக மந்திரம் பயன்படுத்த முடியாது.
- நிகழ்வு: ஆட்டத்தின் போக்கையே திடீரென மாற்றும் சீட்டு. ஒருமுறை பயன்படுத்தியதும் ஆட்டத்திலிருந்து நீக்கப்படும்.

ஒவ்வொருவரும் ஐந்து சீட்டுகளோடு தொடங்குவர். தம் முறை வரும்போது மூன்று சீட்டுகளை எடுத்து, ஒரு நாட்டை நிறுவி, வீரர்களைக் களத்தில் இறக்கி, விரும்பினால் எதிரியின் நாட்டைத் தாக்குவர். முறையின் முடிவில் கையில் எட்டுச் சீட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

போர் நடக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாக்குபவர் 7ஆம் நிலை மாவீரரை அனுப்புகிறார். காப்பவர் 5ஆம் நிலை மந்திரவாதியை எதிரே நிறுத்துகிறார். அந்த மந்திரவாதியும் தாக்கப்படும் நாடும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை என்றால் அவருக்குக் கூடுதலாக 3 கிடைக்கும். அவர் நிலை 8 ஆகும். இப்போது எண் குறைவாக இருக்கும் தாக்குபவர்தான் அடுத்த சீட்டை இட வேண்டும். அவர் 3 மதிப்புள்ள வாளைச் சேர்த்து 10 ஆக்குகிறார். காப்பவர் 4 மதிப்புள்ள மந்திரத்தால் 12 ஆக்குகிறார். ஒருவர் சீட்டு இட முடியாமலோ விரும்பாமலோ நிறுத்தும்வரை இது தொடரும். இரு பக்கமும் சமமானால் காப்பவரே வென்றவர். தாக்குபவர் வென்றால் அந்த நாட்டுச் சீட்டு கவிழ்த்து வைக்கப்பட்டு அழிந்ததாகக் கொள்ளப்படும்.

இந்தப் போரில் பகடை கிடையாது. பாத்திரமேற்பு விளையாட்டில் பகடை செய்த வேலையை இங்கே கையில் வந்து சேரும் சீட்டுகளின் வரிசை செய்கிறது. மேலும், ஒரு கட்டில் ஒரு சீட்டின் ஒரு படி மட்டுமே இடம்பெறலாம். இதனால் வலிமையான ஒரே சீட்டைப் பல படிகள் வாங்கிக் குவிப்பதால் பயன் இல்லை. பணம் அதிகம் உள்ளவருக்கும் குறைவாக உள்ளவருக்கும் இடையே உள்ள இடைவெளியை இந்த விதி ஓரளவு குறைத்தது.

உலகங்களும் மாந்தர்களும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ஒரே ஓர் உலகம் இல்லை. ஸ்பெல்ஃபயரின் முதல் பதிப்பு மூன்று உலகங்களை முதன்மையாகக் கொண்டது.

- கிரேஹாக்: கேரி கைகாக்ஸின் சொந்த ஆட்டங்களிலிருந்து வளர்ந்த உலகம்.
- ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்: எட் கிரீன்வுட் உருவாக்கியது. எல்மின்ஸ்டர் என்ற முதிய மந்திரவாதியும், ஆர். ஏ. சால்வடோர் 1988இல் எழுதிய த கிரிஸ்டல் ஷார்டு புதினத்தில் அறிமுகமான டிரிஸ்ட் என்ற வாள்வீரனும் இவ்வுலகத்தினர்.
- டார்க் சன்: 1991இல் வெளிவந்தது. இங்கு மண்ணெல்லாம் வறண்ட பாலை. உலோகம் கிடைப்பது அரிது. மந்திரம் பயன்படுத்தினால் நிலத்தின் உயிர்ச்சத்து உறிஞ்சப்படும்.

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒரு குழு பொதுவாக ஓர் உலகத்தையே தேர்ந்தெடுத்து ஆடும். டார்க் சன்னை ஆடுபவர்கள் பலருக்கு ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் நூல்கள் தேவைப்படவில்லை. இவ்வாறு தன் வாடிக்கையாளர்களைத் தானே பல கூறுகளாகப் பிரித்துக்கொண்டது டி.எஸ்.ஆரின் வணிகச் சிக்கல்களில் ஒன்றாகப் பின்னாளில் சுட்டிக்காட்டப்பட்டது. ஸ்பெல்ஃபயரில் இந்த உலகங்கள் எல்லாம் ஒரே கட்டில் கலந்தன. பாலைவன அடிமை வீரன் ஒருவன் பனிமலை டிராகனோடு மோதலாம். நூல்களில் மட்டும் படித்தவற்றை ஒரே மேசையில் எதிரெதிரே நிறுத்த முடிந்தது ரசிகர்களுக்கு மகிழ்ச்சி தந்தது. ஒவ்வோர் உலகத்தின் தனித்தன்மையும் சீட்டின் மூலையில் உள்ள ஒரு சின்னமாகச் சுருங்கிவிட்டது என்பது இதன் மறுபக்கம்.

மாந்தர்களுக்கும் இதுவே நேர்ந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புகழ்பெற்ற மந்திரவாதிகளுள் ஒருவரான மோர்டன்கைனன், முதலில் கைகாக்ஸ் தாமே ஆடிய பாத்திரம். முதல் நிலையில் தொடங்கிப் பல அமர்வுகளில் வென்றும் தோற்றும் வளர்ந்த பிறகே அவர் பெயர் விதிநூல்களில் மந்திரங்களின் பெயராக இடம்பெற்றது. பாத்திரமேற்பு விளையாட்டில் ஒரு மாந்தரின் மதிப்பு ஆடியவரின் உழைப்பிலிருந்து வருகிறது. சீட்டாட்டத்தில் அந்த மாந்தர் முழு வளர்ச்சியோடு பொட்டலத்துக்குள்ளிருந்து வருகிறார். அவரது மதிப்பு, சீட்டில் அச்சிட்ட எண்ணிலும் அது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதிலும் இருக்கிறது.

ஓவியங்கள்

டி.எஸ்.ஆரின் ஓவியர்களான லாரி எல்மோர், ஜெஃப் ஈஸ்லி, கிளைட் கால்டுவெல், பிராம் போன்றோர் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் கனவுருப்புனைவு ஓவியத்தின் போக்கைத் தீர்மானித்தவர்கள். ஸ்பெல்ஃபயரின் தொடக்கச் சீட்டுகளில் பெரும்பாலும் நிறுவனம் முன்னரே நூல் அட்டைகளுக்கும் நாட்காட்டிகளுக்கும் பயன்படுத்திய ஓவியங்களே இடம்பெற்றன. விரைவாகவும் குறைந்த செலவிலும் ஆட்டத்தை வெளியிட இது உதவியது. ஆனால் ரசிகர்களில் பலர் அந்த ஓவியங்களை ஏற்கெனவே பார்த்திருந்தனர். பெரிய அட்டைப்படமாக வரையப்பட்டது சிறு சீட்டில் அடக்கப்பட்டபோது நுண்விவரங்கள் மங்கின. வேறொரு காட்சிக்காக வரைந்த படம் சீட்டின் பெயரோடு பொருந்தாத இடங்களும் இருந்தன.

பிந்தைய பூஸ்டர்களில் சேஸ் கார்டு எனப்படும் மிக அரிய சீட்டுகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் ஓவியத்துக்குப் பதிலாக வேடமிட்ட மனிதர்களின் ஒளிப்படங்கள் இடம்பெற்றன. இது ரசிகர்களிடையே கலவையான வரவேற்பைப் பெற்றது.

சேகரிப்பின் கணக்கு

மூடிய பொட்டலங்களில் விற்கும் முறை ஏன் இவ்வளவு வருவாய் தருகிறது என்பதை நிகழ்தகவுக் கணக்கு ஒன்றால் அறியலாம். 400 சீட்டுகளும் சம எண்ணிக்கையில் அச்சிடப்படுகின்றன, ஒவ்வொரு சீட்டும் தற்செயலாகவே பொட்டலத்தில் சேர்கிறது, எவரோடும் சீட்டு மாற்றிக்கொள்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். 15 சீட்டுப் பொட்டலங்களை மட்டும் வாங்கும் ஒருவருக்குச் சராசரியாக ஆகும் தேவை:

- முதல் 200 வெவ்வேறு சீட்டுகளைப் பெற: ஏறத்தாழ 277 சீட்டுகள், அதாவது சுமார் 19 பொட்டலங்கள்.
- 400 சீட்டுகளையும் பெற: ஏறத்தாழ 2,628 சீட்டுகள், அதாவது சுமார் 175 பொட்டலங்கள்.
- அதில் கடைசிப் பத்துச் சீட்டுகளுக்கு மட்டும்: ஏறத்தாழ 1,172 சீட்டுகள், அதாவது சுமார் 78 பொட்டலங்கள்.
- கடைசி ஒரு சீட்டுக்கு மட்டும்: சராசரியாக 400 சீட்டுகள், அதாவது சுமார் 27 பொட்டலங்கள்.

காரணம் எளிது. தொடக்கத்தில் வரும் சீட்டெல்லாம் புதியவை. 399 சீட்டுகள் சேர்ந்த பின் புதிய சீட்டு வரும் வாய்ப்பு 400இல் ஒன்று மட்டுமே. மற்றவை எல்லாம் ஏற்கெனவே இருப்பவை. பாதித் தொகுப்பு விரைவில் சேர்ந்துவிடுவதால் முழுத் தொகுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக வாங்குபவருக்குத் தோன்றுகிறது; செலவின் பெரும்பகுதி அதன் பிறகே வருகிறது. உண்மையில் சில சீட்டுகள் வேண்டுமென்றே குறைவாக அச்சிடப்படுவதால் தேவைப்படும் பொட்டலங்கள் இதைவிட அதிகமாகவே இருக்கும். நண்பர்களோடு சீட்டு மாற்றிக்கொள்வதே இச்செலவைக் குறைக்கும் வழி. இவ்வகை ஆட்டங்களில் பரிமாற்றம் ஒரு முக்கியப் பழக்கமாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்முறை சூதாட்டத்தை ஒத்தது என்ற விமர்சனம் தொடக்கம் முதலே உண்டு. இன்றைய கணினி, கைப்பேசி விளையாட்டுகளில் உள்ள லூட் பாக்ஸ் எனப்படும் பரிசுப்பெட்டிகள் குறித்து எழும் கேள்விகளும் இதே கணக்கைச் சார்ந்தவையே. பெல்ஜியம் 2018இல் பணம் செலுத்தித் திறக்கும் அத்தகைய பெட்டிகளைத் தன் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவையாக அறிவித்தது.

முடிவு

1990களின் நடுவில் சேகரிப்புச் சீட்டாட்டங்கள் பல வந்து குவிந்தன. டி.எஸ்.ஆரும் ஸ்பெல்ஃபயரோடு நிற்காமல், 1995இல் பிளட் வார்ஸ் என்ற மற்றொரு சீட்டாட்டத்தையும், டிராகன் டைஸ் என்ற சேகரிப்புப் பகடை விளையாட்டையும் வெளியிட்டது. சந்தை தாங்கக்கூடியதைவிட அதிகமான பொருட்கள் கடைகளுக்குச் சென்றன. டி.எஸ்.ஆரின் நூல்களைப் புத்தகக் கடைகளுக்கு வழங்கிவந்த ரேண்டம் ஹவுஸ், 1996இல் விற்காமல் தேங்கிய நூல்களையும் டிராகன் டைஸ் பெட்டிகளையும் பெருமளவில் திருப்பி அனுப்பியது. அச்சகத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைக்கூடச் செலுத்த முடியாத நிலைக்கு டி.எஸ்.ஆர் வந்தது.

1997இல் அந்நிறுவனத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் விலைக்கு வாங்கியது. சீட்டாட்டத்தில் ஈட்டிய வருவாயால் ஒரு நிறுவனம், அந்தச் சீட்டாட்டம் உருவாகக் காரணமாயிருந்த பாத்திரமேற்பு விளையாட்டுத் துறையின் மூத்த நிறுவனத்தையே வாங்கியது குறிப்பிடத்தக்கது. மேஜிக்கை வைத்திருந்த நிறுவனத்துக்கு அதோடு போட்டியிடும் மற்றொரு சீட்டாட்டம் தேவைப்படவில்லை. அதே ஆண்டு வெளிவந்த டஞ்சன்ஸ் பூஸ்டரோடு ஸ்பெல்ஃபயர் நின்றது. அதன் பின்னரும் ரசிகர்கள் சிலர் தாமே புதிய சீட்டுகளை வடிவமைத்து இணையம் வழியே பகிர்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தனர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடர்ந்து வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பை விசர்ட்ஸ் 2000இல் வெளியிட்டது.

இவ்வகையைச் சேர்ந்த பிற ஆட்டங்கள்

- ஜிகாத்: வேம்பயர்: த மாஸ்கரேடு என்ற பாத்திரமேற்பு விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்தது, 1994இல் வெளிவந்தது. மறு ஆண்டே வேம்பயர்: தி எடர்னல் ஸ்டிரகிள் எனப் பெயர் மாற்றப்பட்டது. பலர் சேர்ந்து ஆடும்போது எழும் பேரமும் கூட்டணியும் இதன் சிறப்பு. பாத்திரமேற்பு விளையாட்டின் பேச்சுத் தன்மையை இது ஓரளவு காத்துக்கொண்டது.
- லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்: இது எதிர்த்திசையில் பயணித்தது. 1995இல் சீட்டாட்டமாகத் தொடங்கி, 1997இல் பாத்திரமேற்பு விளையாட்டாகவும் வெளிவந்தது. போட்டிகளில் வென்றவர்களின் முடிவுகள் அதன் தொடர்கதையில் மாற்றங்களை ஏற்படுத்தின.
- மேஜிக்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸும்: ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தும் இவ்விரண்டும் நீண்ட காலம் தனித்தனியே இயங்கின. மேஜிக்கின் ராவ்னிகா உலகம் 2018இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலாக வெளிவந்தது. 2021 ஜூலையில் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம் மேஜிக் சீட்டுத் தொகுப்பாக வெளிவந்தது. அத்தொகுப்பின் சில சீட்டுகளில் 20 முகப் பகடையை உருட்டும் விதியும் இருந்தது.

மதிப்பீடு

ஸ்பெல்ஃபயர் அவசரமாகச் செய்யப்பட்டது, பழைய ஓவியங்களை மீண்டும் விற்றது, பின்வந்த சீட்டுகளில் விதிகள் குழப்பமாக இருந்தன என்ற குறைகள் அதன்மீது சொல்லப்படுவதுண்டு. எளிதில் கற்கலாம், ஒரே பெட்டியில் இருவர் ஆடலாம், பலர் சேர்ந்தும் ஆடலாம், ஒரு சீட்டுக்கு ஒரு படி என்ற விதியால் கட்டுகள் ஒவ்வொன்றும் வேறுபட்டு அமையும் என்பவை அதன் நிறைகள்.

பாத்திரமேற்பு விளையாட்டுக்குத் தேவைப்படுபவை ஒரு விதிநூல், சில பகடைகள், நிறைய நேரம். ஒரு முறை வாங்கிய நூலை வைத்துப் பல ஆண்டுகள் ஆடலாம். சேகரிப்புச் சீட்டாட்டத்துக்குத் தேவைப்படும் நேரம் குறைவு. ஆனால் புதிய தொகுப்பு வரும்போதெல்லாம் வாங்க வேண்டியிருக்கிறது. ஸ்பெல்ஃபயர் முதலாவதன் உலகங்களை எடுத்து இரண்டாவதன் முறையில் விற்க முயன்ற தொடக்ககால முயற்சி. அதில் வந்த நாடுகளும் மாந்தர்களும் இன்றும் நூல்களிலும் ஆட்ட மேசைகளிலும் தொடர்கின்றனர். சீட்டுகளின் அச்சு மட்டும் 1997உடன் முடிந்தது.